குளோரின் இருந்தும் பச்சை மாறாத பின்வளவுத் தடாகம்

2024 ஜூன் 23, காலை (கேள்வி)

கனடாவின் பிரம்டனில் எங்கள் வீட்டின் பின்வளவில், தரைக்கு மேல் நிற்கும் 15 அடி விட்டமான வட்டத் தடாகம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் மூன்றரை அடி. சென்ற வருடம் பூட்டியது. குளிர்காலத்திலும் தண்ணீரை அப்படியே விட்டு மூடி வைத்தோம். கிழமைக்கு இரண்டு குளோரின் குளிசைகளை மிதவையில் போடுகிறேன், ஒரு நாளும் தவறியதில்லை. சோதனைப் பட்டி குளோரின் 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) என்றும் பி.எச். 7.4 என்றும் காட்டுகிறது. ஆனால் பத்து நாட்களாகத் தண்ணீர் பச்சை. பாசிக்கொல்லி இரண்டு போத்தலும் குளோரினைச் சட்டென்று உயர்த்தும் 'ஷொக்' பொடி ஆறு பையும் போட்டாயிற்று. குளோரின் நிற்கும் தண்ணீரில் பாசி எப்படி வளரும்? பட்டி பொய் சொல்கிறதா, பாசி பொய் சொல்கிறதா?

2024 ஜூன் 23, இரவு (பதில்)

இரண்டும் பொய் சொல்லவில்லை. முதலில் வடிகட்டியைப் பாருங்கள். பம்ப் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? மின்சாரச் செலவுக்குப் பயந்து இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஓட்டினால் மிதவையைச் சுற்றியுள்ள தண்ணீருக்கு மட்டும்தான் குளோரின் கிடைக்கும், எதிர்க்கரை பட்டினி கிடக்கும். சுவரையும் தரையையும் தூரிகையால் தேய்த்து, பம்பை இரவு பகலாக ஓட்டி, இன்னும் இரண்டு பை ஷொக் போட்டுப் பாருங்கள்.

2024 ஜூன் 24, அதிகாலை

நேற்று இரவு எழுதியதில் கடைசி வரியைத் தயவு செய்து விட்டுவிடுங்கள். படுத்த பிறகுதான் உங்கள் கேள்வியில் நான் கவனியாமல் கடந்துபோன இரண்டு சொற்கள் நினைவுக்கு வந்தன: 'குளிசை', 'அப்படியே விட்டு'. இந்தத் தவற்றை 2019இல் நானே செய்து, அதைக் கண்டுபிடிக்க ஒரு கோடை முழுவதையும் செலவழித்தவன். மறுபடியும் அதே குழிக்குள் உங்களைத் தள்ளியிருக்கிறேன்.

கடைகளில் வாளியில் விற்கும் அந்தப் பெரிய வெள்ளைக் குளிசை ட்ரைகுளோர் என்னும் பொருள். ஒன்றின் எடை வழக்கமாக 200 கிராம். அது கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலம் என்ற இன்னொன்றையும் தண்ணீரில் விடுகிறது. 200 கிராம் குளிசையில் ஏறத்தாழ 110 கிராம் அதுதான், அதாவது குளிசையின் பாதிக்கு மேல். கடைக்காரர்கள் அதை நிலைப்படுத்தி என்பார்கள். அது கெட்ட பொருள் இல்லை. கோடை வெயிலில் வெறும் குளோரின் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் அழிந்துவிடும். சயனூரிக் அமிலம் அதைப் பிடித்து வைத்து, வெயிலிடமிருந்து காப்பாற்றி, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக அவிழ்த்து விடுகிறது. 30 முதல் 50 பி.பி.எம். வரை இருந்தால் நல்ல காவற்காரன். 150ஐத் தாண்டினால், வீட்டுக்குக் காவல் வைத்தவன் வீட்டுக்காரரையே வெளியே போக விடாமல் கதவைப் பூட்டி வைத்த கதைதான். பட்டியில் குளோரின் 5 என்று காட்டும், ஏனென்றால் பட்டி கட்டுண்ட குளோரினையும் சேர்த்தே எண்ணுகிறது. பாசியைக் கொல்லக் கை காலியாக இருக்கும் குளோரின் அதில் மிகச் சிறிய பங்குதான்.

குளோரின் செலவழிந்து போகும். சயனூரிக் அமிலம் போகாது. வெயிலும் அதைத் தொடாது, வடிகட்டியும் பிடிக்காது, தண்ணீர் ஆவியானாலும் அது தடாகத்திலேயே தங்கும். உங்கள் தடாகத்தில் ஏறத்தாழ 17,500 லீற்றர் இருக்கும். ஒரு குளிசைக்கு 6 பி.பி.எம்.முக்குச் சற்று மேல், கிழமைக்கு இரண்டு என்றால் 12. சென்ற கோடையின் பதினான்கு கிழமைகளை இத்தோடு பெருக்கிப் பாருங்கள். பை ஷொக் பொடியின் பின்பக்கத்தில் டைகுளோர் என்று எழுதியிருந்தால் அதுவும் இதே இனம்தான், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆகவே பாசியை விடுங்கள். முதலில் நிலைப்படுத்தி எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள்.

2024 ஜூன் 24, மதியம்

ஒரு சிறு திருத்தம். முதலில் உங்கள் தடாகத்தை 21,000 லீற்றர் என்று குறித்து வைத்திருந்தேன். அடிக் கணக்கிலிருந்து கலனுக்கு மாற்றி, அங்கிருந்து லீற்றருக்கு வந்ததில் வந்த வினை. மருந்து வாளிகளில் அச்சிட்டிருப்பது அமெரிக்கக் கலன், 3.785 லீற்றர், எங்கள் தலைமுறை ஊரில் படித்தது ஏகாதிபத்தியக் கலன், 4.546 லீற்றர். மண்ணெண்ணெய் வாங்கிய கலனில் தடாகத்தை அளந்துவிட்டேன். மேலே இருக்கும் 17,500தான் சரி. மருந்தின் அளவில் இது ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் கொண்டுவரும், ஆகவே உங்கள் கணக்கையும் எந்தக் கலனில் போட்டீர்கள் என்று பாருங்கள்.

2024 ஜூன் 26

பட்டியில் நிலைப்படுத்தியின் நிறம் 'கடைசிக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கட்டம் 100 என்றும் சொல்லலாம், 300 என்றும் சொல்லலாம். சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். பட்டிகளுக்கு நான் 2019இல் கொடுத்த பணத்தில் அப்படி மூன்று பெட்டிகள் வாங்கியிருக்கலாம்.

நிலைப்படுத்திச் சோதனை பார்ப்பதற்கே ஒரு வேடிக்கை. சிறிய போத்தலில் பாதி தடாகத் தண்ணீர், பாதி மருந்து. மூடிக் குலுக்கியதும் அது மோர்த் தண்ணீர் போல வெளிறிக் கலங்கும். உயரமான ஒடுங்கிய குழாய் ஒன்று கூடவே வரும், அதன் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. குழாயை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து புள்ளியைப் பார்த்தபடி, கலங்கிய நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். புள்ளி மங்கும், சாம்பலாகும், பிறகு ஒரு கணத்தில் இல்லாமற்போகும். அந்த இடத்தில் நிறுத்திப் பக்கத்தில் உள்ள எண்ணை வாசிக்க வேண்டும். உற்று உற்றுப் பார்த்தால் இல்லாத புள்ளியும் தெரியும். சாதாரணமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வெளியில், பகலில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள். நான் ஒரு முறை சமையலறை விளக்கின் கீழ் பார்த்து 90 என்று எழுதினேன், மறுநாள் முற்றத்தில் நின்று பார்த்தால் 70.

அந்தக் குழாயும் 100க்கு மேல் அளக்காது. ஆகவே தடாகத் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, அந்தக் கலவையைச் சோதித்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

2024 ஜூன் 27 (கேட்டவர்)

அண்ணை, பாதிக்குப் பாதி கலந்து பார்த்தேன். புள்ளி 80இல் மறைந்தது. அப்படியென்றால் 160? மனைவியும் பார்த்து 80 என்றுதான் சொன்னார்.

2024 ஜூன் 28

160தான், தம்பி. இனி உங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன, ஒன்று வழியே இல்லை.

பாசி பிடித்த தண்ணீரைக் குளோரினால் வெல்வதற்கு, நிலைப்படுத்தியின் அளவில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்குக் குளோரினை ஏற்றி, பாசி முற்றாகச் சாகும் வரை அங்கேயே பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது நான் பின்பற்றும் கணக்கு. 160க்கு 64 பி.பி.எம். வரும். 12 சதவீதத் திரவக் குளோரினில் ஒரு லீற்றர் உங்கள் தடாகத்தை ஏறத்தாழ 7 பி.பி.எம். உயர்த்தும். முதல் ஊற்றுக்கே ஒன்பது லீற்றர், பிறகு பாசி தின்னத் தின்ன நாளுக்கு மூன்று நான்கு முறை ஊற்ற வேண்டும். அத்தனையும் செய்து முடித்தாலும் 160 அங்கேயே நிற்கும், ஜூலை இறுதியில் பச்சை திரும்பி வரும்.

இன்னொரு வழி தண்ணீரை மாற்றுவது. சயனூரிக் அமிலத்தைக் கரைக்கும், அழிக்கும் என்று போத்தலில் விற்கும் பொருட்களை நானும் ஒரு தடவை வாங்கினேன். மூன்று கிழமை காத்திருந்த பிறகும் புள்ளி மறைந்த இடம் மாறவில்லை.

இதில் எனக்குத் தனிப்பட்ட மனத்தாங்கல் ஒன்று உண்டு. 2019இல் தண்ணீர் பச்சையானபோது, ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்த என் மாமனார் ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொன்னார்: "கிணறு பழுதானால் இறைக்கத்தானே வேணும்." யாழ்ப்பாணத்தில் நீர்மட்டம் கீழிறங்கிய மாதங்களில் கிணற்றை அடிவரை இறைத்து, ஆள் இறங்கிச் சேற்றை அள்ளி, ஊற்று மறுபடியும் புதுத் தண்ணீரைத் தரும் வரை காத்திருப்பார்கள். "மாமா, இது கிணறு இல்லை, இது இரசாயனம்" என்று நான் அவருக்கு விளக்கம் கொடுத்துவிட்டு, பாசிக்கொல்லி, தெளிவிப்பான், பொஸ்பேற் நீக்கி என்று கடைத் தட்டை ஒவ்வொன்றாகக் காலி செய்தேன். வடிகட்டி மணல் பழையதாகிவிட்டது என்று கடையில் சொன்னார்கள் என்பதற்காக 100 இறாத்தல் மணலையும் அள்ளிக் கொட்டிப் புதிது போட்டேன். புது மணலை வெறும் தொட்டிக்குள் சாய்த்ததில் அடியிலிருந்த பிளாஸ்ரிக் விரல்களில் ஒன்று முறிந்து, தடாகத்துக்குள் மணல் வரத் தொடங்கியது. (முதலில் தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் விட வேண்டும், மணல் அதில் மெதுவாக இறங்கும்.) செப்டெம்பரில்தான் நிலைப்படுத்தியை அளந்து, தண்ணீரை இறைத்தேன். மாமனார் அப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். தொலைபேசியில் சொன்னேன், சிரிக்கவில்லை, "எவ்வளவு முடிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார்.

2024 ஜூன் 30

'இறைக்க வேண்டும்' என்று நான் எழுதியதை, அடிவரை இறைக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். கிணற்றின் உவமை இந்த இடத்தில் முறிகிறது.

தரைக்கு மேல் நிற்கும் தடாகத்தின் சுவர் மெல்லிய உலோகத் தகடு. அதை வட்டமாக நிறுத்தி வைத்திருப்பது உள்ளே இருக்கும் தண்ணீரின் பாரம்தான். வெறுமையாக்கினால் ஒரு பலத்த காற்றுப் போதும், தகடு உள்ளே மடங்கிவிடும். உள்ளே விரித்திருக்கும் வினைல் லைனரும் தண்ணீரின் பாரத்தில் இழுபட்டு இருந்து பழகியது. பாரம் போனால் சுருங்கும், வயது ஏறியதாக இருந்தால் மறுபடி நிரப்பும்போது மூலைமடிப்பில் கிழியும். ஆகவே ஒரு அடித் தண்ணீரை விட்டுவிட்டு மற்றதை வெளியேற்றுங்கள். மூன்றரை அடியில் ஒரு அடி மிஞ்சினால் 160இல் ஏறத்தாழ 46 மிஞ்சும். அதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும்?

வெளியேற்ற வேண்டியது 12,500 லீற்றர் வரை. அதைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். அந்த வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. ஓடைக்கும் அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது. குளோரினும், நீங்கள் ஊற்றிய பாசிக்கொல்லியில் செம்பு இருந்தால் அந்தச் செம்பும் மீன்களுக்கு நஞ்சு. நிலவறையில் உள்ள கழிவுநீர்த் துவாரத்துக்குக் குழாயைக் கொண்டுபோய் விடுவதுதான் வழக்கம், ஆனாலும் நகராட்சிக்கு ஒரு தடவை தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். பக்கத்து வளவுக்குள் ஓட விடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

நீரை எடுக்கும்போது குழாயின் வாயைத் தரையோடு பிடியுங்கள். போகிற தண்ணீரோடு அடியில் படிந்த பாசியும் போகும்.

2024 ஜூலை 4

நிரப்பி முடித்துச் சோதித்ததில் 45 என்று எழுதியிருக்கிறீர்கள். இனி 40 சதவீதம் என்பது 18 பி.பி.எம். சென்ற கிழமை 64ஆக இருந்த மலை.

திரவக் குளோரினை, பம்ப் ஓடும்போது, தண்ணீர் உள்ளே வரும் துவாரத்தின் முன்னால் மெல்லிய ஒழுக்காக ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் வெயில் அதைத் தின்னாது. அதற்கு முன் பி.எச்.ஐ 7.2க்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் 10க்கு மேல் போன பிறகு பி.எச். சோதனையை நம்ப முடியாது. நாளுக்கு மூன்று முறை அளந்து, குறைந்ததை ஊற்றி, தூரிகையால் தேயுங்கள். பாசியின் மேல் ஒரு வழுவழுப்பான போர்வை உண்டு, தேய்க்காவிட்டால் குளோரின் அதற்குக் கீழே போகாது.

நிறம் ஒரே நாளில் நீலமாகாது. பச்சை முதலில் வெளிறும், பிறகு அரிசி கழுவிய தண்ணீர் போலச் சாம்பல் வெள்ளையாகும். பலர் இந்த இடத்தில் பயந்து தெளிவிப்பான் வாங்க ஓடுகிறார்கள். அது செத்த பாசி. இனி வேலை வடிகட்டியுடையது. வடிகட்டியின் அழுத்தமானியைப் பாருங்கள். கழுவிய உடனே 10 பி.எஸ்.ஐ. காட்டினால், 18 அல்லது 20க்கு ஏறும்போது மட்டும் எதிர்த்திசையில் கழுவுங்கள். அடிக்கடி கழுவுவது துப்புரவு என்று எண்ண வேண்டாம்: சிறிதளவு அழுக்குப் பிடித்த மணல்தான் நுண்ணிய துகளைப் பிடிக்கும். கழுவுவதற்காகக் கைபிடியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் பம்பை நிறுத்துங்கள். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் சிலந்தி வடிவ ரப்பர் வளையம் புரண்டுவிடும், பிறகு நல்ல தண்ணீர் கழிவுக் குழாயால் ஓடிக்கொண்டே இருக்கும்.

எப்போது நிறுத்துவது? கண் தெளிவைச் சொல்லும், முடிவைச் சொல்லாது. இருட்டிய பிறகு குளோரினை அளந்து எழுதுங்கள், சூரியன் தண்ணீரில் படுவதற்கு முன் மறுபடி அளவுங்கள். வெயில் இல்லாத இரவில் 1 பி.பி.எம்.முக்கு மேல் குறைந்திருந்தால், இருட்டில் அதைத் தின்ற ஏதோ ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது.

2024 ஜூலை 7

"இன்று காலை சொட்டு மருந்து போட்டும் நிறமே வரவில்லை, குளோரின் பூச்சியம், நாலு லீற்றர் ஊற்றிவிட்டேன்." தம்பி, இந்தச் செய்தியை வாசித்துவிட்டுக் காரிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். சாதாரண இளஞ்சிவப்புச் சோதனையில் குளோரின் மிக அதிகமாக இருந்தால், அது சாயத்தையே வெளுத்துவிடும். கண்ணுக்குப் பூச்சியம் போலத் தெரியும். ஒரு பங்கு தடாகத் தண்ணீருக்கு நாலு பங்கு குழாய்த் தண்ணீர் சேர்த்துச் சோதித்து, ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். யாரையும் இறங்க விடாதீர்கள். இரண்டு நாள் வெயில் படட்டும், தானாக இறங்கும்.

2024 ஜூலை 11

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்தும், இரவில் 3 பி.பி.எம். தொலைகிறது என்கிறீர்கள். ஏணியை வெளியே எடுத்துப் பார்த்தீர்களா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், பிளாஸ்ரிக் ஏணிகளின் கால்கள் உள்ளே வெற்றுக் குழல்கள். எனது ஏணியை நான் 2021இல் புல்லின் மேல் சாய்த்தபோது, கால்களின் துவாரங்களிலிருந்து கரும்பச்சையாக, நூல் நூலாக, ஒரு வாளி அளவுக்கு வந்தது. தடாகத்தின் நடுவில் நாணயம் போட்டால் அதன் தலை பூவைச் சொல்லும் அளவுக்குத் தெளிவு. ஆனால் ஒவ்வொரு இரவும் ஏணி உள்ளிருந்து குளோரினைக் குடித்துக்கொண்டிருந்தது. மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் கதவுக்குப் பின்பக்கத்தையும், தண்ணீர் வரும் துவாரத்தின் வளையத்துக்குக் கீழேயும் பழைய பல் துலக்கியால் தேயுங்கள்.

2024 ஜூலை 13

ஏணிதான். படம் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் அனுப்பியிருக்க வேண்டாம்.

2024 ஜூலை 17

நேற்றைய மழையைப் பற்றி வேறொருவர் கேட்டிருக்கிறார்: குளிசையால் ஏறிய நிலைப்படுத்தியை மழை இறக்காதா, ஏன் காசு கொடுத்த தண்ணீரை இறைக்க வேண்டும்? நல்ல கேள்வி, எனக்கும் நேற்று அதே ஆசை வந்தது. ரொறொன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் பதிவானது. டொன் வலி நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்தன. மிசிசாகாவில் எங்கள் தெருமுனையும் குளமானது. எனது தடாகத்தின் நீர் 1,220 மில்லிமீற்றர். அத்தனை மழையும் அதில் முழுமையாகக் கலந்து, கலந்த பிறகே வழிந்தது என்று வைத்துக்கொண்டாலும் 8 சதவீதத்துக்குள்தான். 50 இருந்த இடத்தில் 46. நகரமே மூழ்கிய நாளில் எனக்குக் கிடைத்த இலாபம் நாலு பி.பி.எம்.

பெருமழைக்குப் பிறகு செய்ய வேண்டியது வேறு. நீர்மட்டத்தை ஸ்கிம்மரின் வாயில் பாதிக்கு இறக்குங்கள், விழுந்த இலைகளை அன்றைக்கே அள்ளுங்கள், குளோரினை மாலையில் அளவுங்கள்.

2024 ஓகஸ்ட் 5

விடுமுறை நாள் என்பதால் மிச்சக் கேள்விகளுக்கு ஒரே தடவையில்.

காரத்தன்மையை உயர்த்த விற்கும் பொடியின் பின்பக்கத்தை வாசியுங்கள்: சோடியம் பைகார்பனேற். அப்பச் சோடாதான் அது. மொத்த விற்பனைக் கடையில் பெரிய பையாக வாங்குங்கள். 17,500 லீற்றருக்கு ஏறத்தாழ 315 கிராம் போட்டால் 10 பி.பி.எம். உயரும். பி.எச்.ஐ உயர்த்தும் பொடி அதன் அண்ணன், சலவைச் சோடா. மாறிப் போடக்கூடாது.

கண் எரிகிறது, 'குளோரின் மணம்' அடிக்கிறது, ஆகவே குளோரின் கூடிவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் எதிர்மாறு. வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து பாதி வேலை முடித்த குளோரினின் மணம்தான் அது. அந்த மணத்துக்கு மருந்து இன்னும் குளோரின். பிள்ளைகளை இறங்கும் முன் குளிக்க வைப்பது அதைவிட மலிவு.

படிகாரம் போடலாமா? போடலாம். கலங்கலைக் கட்டியாக்கி அடியில் இறக்குவதற்கு இங்கே விற்கும் பொருட்களில் ஒன்று அதே படிகாரம்தான். ஆனால் வடிகட்டி வழியாக ஓட்டினால் மணல் கட்டிப்படும். வடிகட்டியைத் தவிர்க்கும் சுழற்சியில் கைபிடியை வைத்து, கலந்த பிறகு பம்பை நிறுத்தி, ஓர் இரவு அசைவில்லாமல் விட்டு, காலையில் அடியில் படிந்ததை உறிஞ்சி நேராகக் கழிவுக்கு அனுப்ப வேண்டும். தேத்தாங்கொட்டை உரைத்துப் போடலாமா என்று கேட்டவருக்கு: எங்கள் அப்பாச்சி குடத்துக்குள் உரைத்து விடுவார், தண்ணீர் தெளியும். 17,500 லீற்றருக்கு எத்தனை கொட்டை, யார் உரைப்பது?

2024 ஓகஸ்ட் 19

கொஞ்சம் கண்டிப்பாக எழுதுகிறேன். குளிசையையும் கல்சியம் ஹைப்போகுளோரைற் என்ற குருணைப் பொடியையும் ஒரே வாளியில், ஒரே அகப்பையில், ஒரே மிதவையில் வைக்காதீர்கள். இரண்டும் குளோரின்தானே என்று நினைத்து, குளிசைத் தூள் ஒட்டிய ஈர அகப்பையால் நான் ஒரு தடவை குருணையை அள்ளினேன். அகப்பைக்குள் சீறல் கேட்டது, பிறகு மஞ்சள் கலந்த புகை. புல்லில் எறிந்துவிட்டு ஓடினேன். ஒரு கரண்டி அளவுக்கே அப்படியென்றால், வாளி அளவு தீப்பிடிக்கும், வெடிக்கும். அமிலத்தையும் திரவக் குளோரினையும் ஒரே அலமாரியில் மேலும் கீழுமாக வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பிரியுங்கள். எதையும் தண்ணீருக்குள் போடுங்கள். பொடியின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். குருணை கொஞ்சம் கல்சியத்தையும் விட்டுச் செல்லும் என்பதால், கேத்தலில் சுண்ணாம்பு படியும் ஊர்த் தண்ணீர் போன்ற கடினநீர் உள்ள இடங்களில் அதையே நம்பியிருக்கவும் முடியாது. எனக்குத் திரவம்தான். பாரம் தூக்க வேண்டியிருக்கிறது, ஆனால் பின்னால் எதையும் விட்டுச் செல்வதில்லை. உப்பைத் தவிர.

2024 ஒக்டோபர் 12

தண்ணீரின் வெப்பம் 15 பாகைக்குக் கீழே போன பிறகு மூடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது மூடினால் மூடிக்குக் கீழே பாசி தன் பாட்டுக்கு வளரும். இன்று நான் செய்தது: குளோரினை உயர்த்தி ஒரு நாள் ஓட்டினேன், நீர்மட்டத்தை, தண்ணீர் வரும் துவாரத்துக்குக் கீழே, ஏறத்தாழ ஓர் அடி இறக்கினேன், பம்பையும் குழாய்களையும் வடித்து நிலவறைக்குள் கொண்டுபோனேன், வடிகட்டியின் அடித் திருகைக் கழற்றிவிட்டேன். சென்ற வருடம் அந்தத் திருகை மறந்ததில் தொட்டியின் கழுத்தில் வெடிப்பு.

மூடியின் கீழே நடுவில் காற்றுத் தலையணை வைப்பது தண்ணீர் வழிந்தோடுவதற்காக என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். பனிக்கட்டி விரியும்போது சுவரைத் தள்ளாமல் தலையணையை நசுக்கட்டும் என்பதற்காகத்தான் அது. முற்றாக ஊதாமல் முக்கால்வாசிக்கு ஊதினால் நசுங்க இடம் இருக்கும்.

ஏணியை எடுத்துப் பூட்டி வையுங்கள். கோடையிலும் இரவில் எடுக்க வேண்டும். இங்கே பல நகராட்சிகளில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கும் தடாகத்துக்கு வேலியும் அனுமதியும் தேவை. அனுமதி எடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை.

2025 பெப்ரவரி 18

அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்களின் பனி மூடியின் மேல் இடுப்பளவு கிடக்கிறது. மண்வெட்டியோடு போக வேண்டாம், மூடியும் கிழியும், கீழே லைனரும் கிழியும். மென்மையான தும்புத்தடியால் ஓரத்தில் தள்ளக்கூடியதை மட்டும் தள்ளுங்கள். மற்றதை ஏப்ரல் பார்த்துக்கொள்ளும்.

2025 மே 11

நேற்றுத் திறந்தேன். தலையணை தட்டையாகக் கிடந்தது, சுவர் நேராக நிற்கிறது. ஓர் அடி இறக்கி மறுபடி நிரப்பியதால் நிலைப்படுத்தி 50இலிருந்து 40க்குச் சற்றுக் கீழே வந்திருக்கிறது. புள்ளியை மகளும் பார்த்தாள், அவள் 35 என்கிறாள், கண் அவளுடையது நல்லது. தம்பியின் தடாகத்தில் 30 என்று செய்தி வந்திருக்கிறது. ஒன்றும் சேர்க்க வேண்டாம். கிழமைக்கு ஒரு தடவை அளந்து, நாளாந்தம் ஒரு கோப்பைத் திரவக் குளோரின் போதும்.

மிஞ்சிய குளிசைகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். எனது வாளியில் இன்னும் பதினொன்று இருக்கின்றன. எறியவில்லை. ஓகஸ்ட்டில் இரண்டு கிழமை ஊருக்குப் போகிறோம். அந்த நாட்களில் ஊற்ற ஆள் இல்லை என்பதால் மிதவையில் நாலு போட்டுவிட்டுப் போவேன். 28,800 லீற்றருக்கு நாலு குளிசை என்றால் 15 பி.பி.எம். கூடும், அதற்கு இடம் இருக்கிறது. மாமனாருக்கும் அங்கே கிணறு இறைக்கும் காலம் அதுதான்.